தலைக்கு மேலே ஒரு ரிங் ரயில்வே

சரோஜினி நகர் வழியாகப் போகும் ரிங் ரயில்வேயைத் தலைநகர்த் தமிழர்களில் பலர் மறந்தே போய்விட்டார்கள். பஸ், மெட்ரோ என்று வசதி பெருகிவிட்டது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் போது கூடுதல் வண்டிகள் விட்டு அமர்க்களப்பட்ட பாதை இது. 35 கிலோ மீட்டர் நீளம். ஊரை ஒரு முறை சுற்றி வர வண்டிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். சிக்னல் கிடைக்காவிட்டால் அதற்கும் மேலே.

அதே ஒன்றரை மணி நேரத்தில் பூமியையே ஒரு சுற்றுச் சுற்றி முடித்து விடும் வண்டி ஒன்று இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் என்று பெயர். சுமார் 400 கிலோ மீட்டர் உயரத்தில் பறக்கிறது. ஒரு சுற்று என்பது 42,000 கிலோ மீட்டருக்கும் மேல். டில்லியிலிருந்து சென்னைக்கு ரயில் பாதை ஏறக்குறைய 2,180 கிலோ மீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஒரு நாளுக்கு மேல் எடுத்துக் கொள்ளும் இந்தத் தூரத்தை அது ஐந்து நிமிஷத்துக்குள் கடந்து விடும்.

இதைப் பார்க்க டெலஸ்கோப் வேண்டாம். புகையும் மேகமும் இல்லாத நாளில், பொழுது சாய்ந்த ஒரு மணி நேரத்துக்குள்ளோ, விடிவதற்கு முன்னாலோ மொட்டை மாடிக்குப் போனால் போதும். மேற்குத் திசையிலிருந்து கிளம்பி, சிமிட்டாமல், சத்தமில்லாமல் நகரும் வெள்ளை வெளிச்சம் அதுதான். சிவப்பும் பச்சையுமாகச் சிமிட்டினால் அது பாலம் விமான நிலையத்துக்கு வரும் ஆகாய விமானம். நடு இரவில் ஏன் தெரிவதில்லை என்று கேட்கலாம். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நமக்கு இருட்டியிருக்க வேண்டும், அதன் மேல் மட்டும் வெயில் பட வேண்டும். அந்த வேளை மாலையிலும் அதிகாலையிலும்தான் வாய்க்கும்.

நகரும் போதே மங்கி மங்கிப் பளிச்சிடும் பொருள் ஒன்று தென்பட்டால் அது வேறு ஜாதி. ஆயுள் முடிந்த ராக்கெட்டின் மேல்பகுதியாக இருக்கலாம். ஆளில்லாமல், கட்டுப்பாடு இல்லாமல், குட்டிக்கரணம் போட்டுக் கொண்டே சுற்றுகிறது. அப்படிப்பட்டவை மேலே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் கணக்கு வைத்திருப்பவர் யார்? எப்படி வைக்கிறார்கள்? கணக்கு தப்பினால் என்ன ஆகும்?

ஸ்கைலாப் பீதி

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதை சரோஜினி நகரின் பழைய குடித்தனக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பழைய குவார்ட்டர்ஸ்கள் இடிபட்டு இப்போது அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்புகின்றன. 1979 ஜூலையில் அங்கே வெட்ட வெளியில் கயிற்றுக் கட்டில் போட்டுத் தூங்கியவர்களுக்கு மேலே பார்க்கவே பயம். காரணம் ஸ்கைலாப்.

அமெரிக்கா 1973 மே 14-ஆம் தேதி அனுப்பிய விண்வெளி நிலையம் அது. எடை சுமார் 77 டன். மூன்று குழுக்கள் போய்த் தங்கி வந்த பிறகு, 1974 பிப்ரவரியில் பூட்டிவிட்டு வந்து விட்டார்கள். அப்புறம் புதிய விண்கலமான ஷட்டிலை அனுப்பி இன்னும் உயரத்துக்குத் தள்ளி விடலாம் என்பது திட்டம். ஷட்டில் தயாராக 1981 ஆகிவிட்டது. அதற்குள் சூரியன் எதிர்பார்த்ததை விட உக்கிரமாகிவிட்டது. சூரியன் உக்கிரமானால் பூமியின் மேல் காற்று மண்டலம் சூடேறி உப்பும். உப்பினால் அவ்வளவு உயரத்திலும் லேசான காற்று வந்து கலத்தின் மேல் உரசும். உரசினால் வேகம் குறையும், உயரம் குறையும். ஸ்கைலாப் இப்படித்தான் இறங்கிக் கொண்டே வந்தது.

எங்கே விழும் என்று அமெரிக்காவாலேயே சொல்ல முடியவில்லை. இதில்தான் விஷயம் இருக்கிறது. எப்போது விழும் என்ற கணக்கில் ஒரு மணி நேரம் பிசகினால், எங்கே விழும் என்ற கணக்கில் 27,000 கிலோ மீட்டர் பிசகி விடும். டில்லி என்று நினைத்தது உலகத்தின் மறு கோடியாகி விடும். ஸ்கைலாபின் பாதை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 50 பாகை, தெற்கே 50 பாகை வரை போகும். டில்லியும் அதற்குள்தான், சென்னையும் அதற்குள்தான், கன்னியாகுமரியும் அதற்குள்தான். ஆகவே பயத்துக்கு விதிவிலக்கான ஊர் இந்தியாவில் ஒன்று கூட இல்லை. உலகில் யாராவது ஒருவர் மேல் துண்டு விழ 152-ல் ஒரு வாய்ப்பு என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா கணக்குச் சொன்னது. லாட்டரிச் சீட்டு வாங்கிப் பழகிய ஜனங்களுக்கு அது பெரிய வாய்ப்பாகவே தெரிந்திருக்கும்.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததும் நினைவில் இருந்தது. 1978 ஜனவரி 24-ஆம் தேதி காஸ்மாஸ் 954 என்ற ரஷ்யச் செயற்கைக்கோள் கனடாவின் வட பகுதியில் விழுந்தது. அதற்குள் அணு உலை ஒன்று இருந்தது. பனிப் பிரதேசத்தில் கதிரியக்கத் துண்டுகளைத் தேடிப் பொறுக்க வேண்டி வந்தது.

ஜூலை 11, புதன்கிழமை. இந்திய நேரப்படி இரவு 10 மணி சுமாருக்கு ஸ்கைலாப் உடைந்து, அதன் துண்டுகள் இந்துமகா சமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் ஊரைச் சுற்றியும் சிதறின. யாருக்கும் காயமில்லை. நான்கே நாளில், ஜூலை 15 அன்று, மொரார்ஜி தேசாய் பிரதமர் பதவியை ராஜினாமா செய்தார். மேலே இருப்பது முதலில் விழுமா, சவுத் பிளாக்கில் இருப்பது முதலில் விழுமா என்று பந்தயம் கட்டக் கூடிய வாரம் அது!

எஸ்பெரன்ஸ் நகராட்சி குப்பை போட்ட குற்றத்துக்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. வேடிக்கைக்குத்தான். 2009-ஆம் ஆண்டில் அமெரிக்க ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர் நேயர்களிடம் வசூல் செய்து அதைக் கட்டினார். துண்டை எடுத்துக் கொண்டு ஸான் பிரான்சிஸ்கோ பத்திரிகை அலுவலகத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்த 17 வயது ஆஸ்திரேலிய வாலிபருக்கு 10,000 டாலர் பரிசு கிடைத்தது.

இரண்டு வரி ஜாதகம்

மேலே சுற்றும் பொருள்களுக்கெல்லாம் அமெரிக்க ராணுவம் ஒரு பெரிய லெட்ஜர் வைத்திருக்கிறது. குமாஸ்தாக்களுக்குப் பழக்கமான டைரி நம்பர் மாதிரி, ஒவ்வொரு பொருளுக்கும் வரிசை எண் உண்டு. 1957 அக்டோபர் 4-ல் ரஷ்யா விட்ட ஸ்புட்னிக் செயற்கைக்கோளுக்கு எண் 2. அப்படியானால் எண் 1? அதைத் தூக்கிச் சென்ற ராக்கெட்! சாமியை விடப் பல்லக்குக்கு முதல் மரியாதை. ஸ்கைலாபுக்கு எண் 6633. நமது ஆர்யபட்டாவுக்கு 7752. விண்வெளி நிலையத்துக்கு 25544. இப்போது ஐந்து இலக்கக் கட்டமே போதாமல், பெரிய எண்ணுக்கு இடம் ஒதுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. ரிஜிஸ்தரில் பத்தி போதாமல் பக்கத்தில் எழுதும் கஷ்டம் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

ஒவ்வொரு பொருளின் நிலையையும் இரண்டே வரியில் எழுதி விடுகிறார்கள். வரிக்கு 69 எழுத்து. பாதை எவ்வளவு சாய்வு, எவ்வளவு நீள்வட்டம், ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, குறிப்பிட்ட நேரத்தில் எந்த இடத்தில் இருந்தது, காற்று எவ்வளவு இழுக்கிறது, எல்லாம் அந்த இரண்டு வரிக்குள். ஜாதகம் மாதிரிதான். பிறந்த நேரமும் கிரக நிலையும் தெரிந்தால் பின்னால் நடப்பதைச் சொல்கிறார் ஜோசியர். இந்த இரண்டு வரி கையில் இருந்தால் நாளை மாலை 7 மணி 12 நிமிஷத்துக்கு எந்தச் செயற்கைக்கோள் டில்லிக்கு மேலே வரும் என்று கம்ப்யூட்டர் சொல்லி விடும். ஒரு வித்தியாசம். இந்த ஜாதகம் சில நாளில் பழசாகி விடும். புதிதாக அளந்து திருத்திக் கொண்டே இருக்க வேண்டும்.

அளப்பது எப்படி? முக்கியமான கருவி ராடார். ரேடியோ அலையை அனுப்புகிறது, அது பொருளின் மேல் பட்டுத் திரும்பி வருகிறது. வர எடுத்த நேரத்திலிருந்து தூரம் தெரியும். வேகம் எப்படித் தெரியும் என்பதை பிளாட்பாரத்தில் நின்றவர்கள் காதாலேயே அறிவார்கள். எதிரே வரும் என்ஜினின் ஊதல் கீச்சென்று கேட்கும். தாண்டிப் போனதும் சுருதி இறங்கிவிடும். திரும்பி வரும் ரேடியோ அலையிலும் இதே சுருதி மாற்றம் உண்டு. இன்னொரு கருவி டெலஸ்கோப். அது நட்சத்திரங்களுக்கு நடுவே பொருள் இருக்கும் திசையைத் துல்லியமாகக் காட்டும். 36,000 கிலோ மீட்டர் உயரத்தில் இருப்பவற்றுக்குச் சாதாரண ராடார் எட்டாது. அங்கே டெலஸ்கோப்தான் கதி.

இடம் தெரிந்தால் மட்டும் போதாது, பொருள் என்ன என்றும் தெரிய வேண்டும். எதிரொலி பலமாக இருந்தால் பெரிய பொருள். வெளிச்சம் சீராகக் கூடிக் குறைந்தால் உருண்டு கொண்டிருக்கிறது, அந்தக் கால இடைவெளியே அது ஒரு முறை உருளும் நேரத்தைக் காட்டும். வெளிச்சத்தை நிறம் பிரித்துப் பார்த்தால் வெள்ளைப் பெயிண்டா, சூரிய மின்தகடா என்று ஓரளவு சொல்லலாம். காற்று எவ்வளவு வேகமாக இறக்குகிறது என்பதிலிருந்து இன்னொரு தகவல் கிடைக்கும். ஒரே அளவில் அப்பளமும் இருக்கலாம், அம்மிக்குழவியும் இருக்கலாம். அப்பளம் சீக்கிரம் இறங்கும், குழவி பல வருஷம் சுற்றும். மோதினால் எது ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

நைனிடாலும் காவலூரும்

இதெல்லாம் அமெரிக்க, ரஷ்ய சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இந்தியா ஆரம்பத்திலிருந்தே இதில் இருக்கிறது. டில்லிவாசிகள் கோடையில் காத்கோதாம் வண்டி பிடித்துப் போகும் நைனிடாலில் 1950-களிலேயே இந்த வேலை தொடங்கிவிட்டது. ஸ்புட்னிக் பறந்த உடனே, அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் வானாராய்ச்சிக் கூடம் உலகில் 12 இடங்களைத் தேர்ந்தெடுத்து பேக்கர்-நன் என்ற ராட்சதக் காமிராக்களை நிறுவியது. ஜப்பான், ஸ்பெயின், தென் ஆப்பிரிக்கா, பெரு என்று போகும் அந்தப் பட்டியலில் நைனிடாலும் ஒன்று. ஓடும் செயற்கைக்கோளை நட்சத்திரங்களோடு சேர்த்து பிலிமில் பிடித்து, படம் பிடித்த நேரத்தையும் அதிலேயே பதிக்கும் காமிரா அது. அந்த நாளில் ராடார்கள் குறைவு. ஆகவே இந்தப் படங்கள்தான் ஜாதகக் குறிப்பு.

நைனிடாலில் அப்போது வானாராய்ச்சிக் கூடத்தை நடத்தி வந்தவர் வைணு பாப்பு. சென்னையில் பிறந்தவர். 1960-ல் கொடைக்கானல் கூடத்தின் பொறுப்பேற்றுத் தெற்கே வந்தார். பிறகு ஜவ்வாது மலையில் வாணியம்பாடி பக்கத்து ஆலங்காயத்துக்கு மேலே காவலூரைக் கண்டுபிடித்தவரும் அவரே. 1970-களின் பிற்பகுதியில் அந்தக் காவலூரில் இஸ்ரோவும் சோவியத் விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து செயற்கைக்கோள்களைப் படம் பிடித்துத் தூரம் அளக்கும் நிலையம் ஒன்றை நடத்தின. நைனிடாலில் அமெரிக்கக் காமிரா, காவலூரில் ரஷ்யக் காமிரா. அணி சேராக் கொள்கைக்கு இதைவிட நல்ல உதாரணம் வெளிநாட்டு இலாகாவிலும் கிடைக்காது. பாப்பு 1982-ல் காலமானார். காவலூரின் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். கூடத்துக்கும் பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது.

இப்போது இந்தியாவின் முக்கியக் கண் ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கிறது. ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஊருக்குப் போகிறவர்கள் கூடூர் தாண்டி, படுக்கையைச் சுருட்டும் வேளையில் சூளூர்ப்பேட்டையைக் கடப்பார்கள். அங்கிருந்து கிழக்கே புலிக்காட் ஏரிக்கு அப்பால் உள்ளது அந்தத் தீவு. ஒரே சமயத்தில் பத்துப் பொருள்களைப் பின்தொடரக் கூடிய ராடார் 2015 முதல் அங்கே இயங்குகிறது. ஓர் அடிச் சதுரமுள்ள பொருளை 800 கிலோ மீட்டர் தூரத்தில் கண்டுபிடித்து விடும். இங்கும் மற்ற நிலையங்களிலும் கிடைக்கும் தகவல்களைச் சேர்த்துப் பார்க்கும் கட்டுப்பாட்டு மையத்தை 2020 டிசம்பரில் பெங்களூர் பீன்யாவில் அன்றைய இஸ்ரோ தலைவர் கே. சிவன் திறந்து வைத்தார். நாகர்கோவில் பக்கத்துக் கிராமத்தில் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர். திட்டத்துக்குப் பெயர் நேத்ரா. பொருத்தமான பெயர்தான். ஆனாலும் ஒரு ராடாரை வைத்துக் கொண்டு பூமி முழுவதையும் காவல் காக்க முடியாது. உலகெங்கும் ராடார் வைத்திருக்கும் அமெரிக்காவின் லெட்ஜரை நம்பியே நாமும் மற்ற நாடுகளும் பெரும்பாலும் காலம் தள்ளுகிறோம். சொந்த ராடார்களும் டெலஸ்கோப்புகளும் இன்னும் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

நான்கு விநாடி தாமதம்

இந்தக் கணக்கில் ஒரு சாதாரண சர்க்கார் ஊழியனுக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்?

ஊரிலிருந்து வரும் அம்மாவை அழைத்து வரப் போகிறவர், வண்டி இப்போது எங்கே வருகிறது என்று செல்போனில் பார்க்கிறார். என்ஜினில் பொருத்தியிருக்கும் கருவி ககன் என்ற நமது செயற்கைக்கோள் வழிகாட்டி முறையைக் கொண்டு தன் இடத்தை அறிந்து, அதையும் செயற்கைக்கோள் வழியாகவே அனுப்புகிறது. அந்தத் தகவலைக் கையாளும் ரயில்வே கம்ப்யூட்டர் நிறுவனம் சாணக்கியபுரியில், சரோஜினி நகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வங்கக் கடலில் புயல் சின்னம் என்றால் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் போன் போட்டு எச்சரிக்கிறோமே, அந்தப் படம் இன்ஸாட் செயற்கைக்கோளிலிருந்து லோதி ரோடு மௌசம் பவனுக்கு வருவது. அந்தச் செயற்கைக்கோளில் மேலே ஒரு துண்டு இடித்தால், ரிப்பேர் செய்ய ஆள் அனுப்ப வழி கிடையாது.

ஒரு சின்னத் துண்டு என்ன செய்துவிடும் என்று தோன்றும். விநாடிக்கு 7, 8 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் இரண்டு பொருள்கள் குறுக்கே சந்தித்தால் மோதும் வேகம் விநாடிக்குப் பத்து கிலோ மீட்டரையும் தாண்டும். அந்த வேகத்தில் ஒரு கோலிக்குண்டு கையெறி குண்டாகி விடும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 2025-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, கண்காணிப்பில் இருக்கும் பொருள்கள் சுமார் 40,000. அவற்றில் வேலை செய்யும் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 11,000. மற்றவை செத்தவையும் சிதைந்தவையும். ஒரு சென்டி மீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் 12 லட்சத்துக்கும் அதிகம் என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை எந்த லெட்ஜரிலும் இல்லை.

2009 பிப்ரவரி 10-ஆம் தேதி நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். டெலிபோன் பேச்சுகளைக் கடத்திக் கொண்டிருந்த இரிடியம் 33 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளும், செத்துப் போன காஸ்மாஸ் 2251 என்ற ரஷ்யச் செயற்கைக்கோளும் சைபீரியாவுக்கு மேலே, சுமார் 790 கிலோ மீட்டர் உயரத்தில் மோதின. இரண்டுக்கும் இடையே அரை கிலோ மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும் என்று பொதுவில் கிடைத்த இரண்டு வரி ஜாதகத்தை வைத்துப் போட்ட கணக்கு சொல்லியிருந்தது. ஒரே செக்‌ஷனில் இரண்டு வண்டிக்கும் லைன் கிளியர் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். அவற்றில் பல இன்னும் சுற்றுகின்றன. ஒவ்வொரு துண்டும் இன்னொரு விபத்துக்கு விதை.

ஆகவே இப்போது ராக்கெட் விடுவதற்கு முன்னால் இஸ்ரோ வானத்தில் லைன் கிளியர் வாங்குகிறது. 2023 ஜூலை 14-ஆம் தேதி சந்திரயான்-3 புறப்பட்டது நான்கு விநாடி தாமதமாக. அதே மாதம் 30-ஆம் தேதி பி.எஸ்.எல்.வி. சி-56 ராக்கெட் 6 மணி 30 நிமிஷத்துக்குப் பதிலாக 6 மணி 31 நிமிஷத்துக்குக் கிளம்பியது. இரண்டும் மேலே குறுக்கே வரும் பொருள்களைத் தவிர்க்கத்தான். பனிக்காலத்தில் நான்கு மணி நேரத் தாமதத்தையும் சகித்துப் பழகிய புது டில்லி ஸ்டேஷன் பிரயாணிகளுக்கு நான்கு விநாடி ஒரு செய்தியா என்று தோன்றலாம். அந்த நான்கு விநாடியில் ராக்கெட்டுக்கு வழியில் நின்ற பொருள் முப்பது கிலோ மீட்டர் நகர்ந்து போய்விடும்.

பறந்து கொண்டிருக்கும் நமது செயற்கைக்கோள்களையும் ஒதுக்க வேண்டியிருக்கிறது. 2022-ல் 21 தடவை, 2023-ல் 23 தடவை இஸ்ரோ தன் செயற்கைக்கோள்களைச் சற்றே நகர்த்தி மோதலைத் தவிர்த்தது. எச்சரிக்கைகள் வருவது இதை விடப் பன்மடங்கு. 2023-ல் மட்டும் அமெரிக்காவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல். எல்லாவற்றுக்கும் நகர முடியாது. நகர்த்த எரிபொருள் வேண்டும், எரிபொருள்தான் செயற்கைக்கோளின் ஆயுள். தேவையில்லாமல் ஒரு முறை நகர்ந்தால் கொஞ்சம் முன்னதாக ரிடையராக வேண்டியதுதான். தேவையுள்ள போது நகராவிட்டால் அன்றோடு சரி. எது நிஜமான ஆபத்து, எது வெறும் பயம் என்று பெங்களூரில் நாளும் பார்த்துப் பிரிக்கிறார்கள். பார்க்கும் கண் எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு இந்த முடிவும் சரியாக இருக்கும்.

குப்பையில் நம் பங்கு

வல்லரசுகள் போட்ட குப்பை என்று சொல்லிக் கை கழுவுவது சுலபம். நியாயமாகாது. 2001 அக்டோபரில் செயற்கைக்கோள்களைச் சேர்த்துவிட்டு மேலேயே நின்ற நமது பி.எஸ்.எல்.வி. சி-3 ராக்கெட்டின் நான்காம் அடுக்கு, அதே ஆண்டு டிசம்பர் 19-ஆம் தேதி வெடித்தது. மீதியிருந்த எரிபொருள்தான் காரணமாகக் கருதப்படுகிறது. முன்னூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். அடுத்த ராக்கெட்டிலிருந்து, வேலை முடிந்ததும் மிச்ச எரிபொருளை வெளியேற்றி விடும் ஏற்பாட்டை இஸ்ரோ செய்தது. அடுப்பை அணைத்த பிறகு காஸ் சிலிண்டரையும் மூடி வைப்பது போல.

2019 மார்ச் 27-ஆம் தேதி இந்தியா தன் செயற்கைக்கோளைத் தானே ஏவுகணையால் அடித்துக் காட்டியது. மிஷன் சக்தி என்று பெயர். சுமார் 300 கிலோ மீட்டர் உயரத்தில் அடித்ததால் துண்டுகள் சீக்கிரம் விழுந்துவிடும் என்று சர்க்கார் சொன்னது. பெரும்பாலானவை சில மாதங்களில் விழுந்தன. ஆனால் சில துண்டுகள் விண்வெளி நிலையத்தை விட உயரமாகத் தூக்கி எறியப்பட்டன. நாசாவின் தலைவர் பகிரங்கமாகக் கண்டித்தார். 2007-ல் சீனா 850 கிலோ மீட்டருக்கு மேலே இதே காரியத்தைச் செய்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை விட்டது இதைவிடப் பல மடங்கு மோசம் என்பது உண்மை. அதற்காக நம் கணக்கு பூஜ்யமாகிவிடாது. 2025-ல் சுபான்ஷு சுக்லா என்ற லக்னோக்காரர் அதே விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்தார். இனி நம் பிள்ளைகளும் அங்கே போகப் போகிறவர்கள்.

நல்ல காரியமும் நடக்கிறது. 2011-ல் பிரெஞ்சு நாட்டுடன் சேர்ந்து விட்ட மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளை, மீதியிருந்த எரிபொருளைக் கொண்டே 2023 மார்ச் 7-ஆம் தேதி பசிபிக் கடலுக்கு மேலே இறக்கி எரிய விட்டார்கள். அப்படி இறக்க வடிவமைக்கப்படாத கலம் அது. 2024 பிப்ரவரியில் கார்ட்டோசாட்-2 இந்துமகா சமுத்திரத்துக்கு மேலே முடிந்தது. 2030-க்குள் குப்பை மிஞ்சாத பயணங்கள் மட்டுமே என்று இஸ்ரோ 2024-ல் அறிவித்திருக்கிறது.

கீழே வந்து விழுந்தால்

2022 ஏப்ரல் 2-ஆம் தேதி இரவு, மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் ஜில்லா சிந்தேவாஹி தாலுகாவின் லாட்போரி கிராமத்தில் வானத்திலிருந்து நெருப்புக் கோடு கிழித்து ஓர் உலோக வளையம் வந்து விழுந்தது. சுமார் மூன்று மீட்டர் விட்டம். அன்று குடி பாட்வா, அவர்களுடைய புது வருஷம். சுற்று வட்டாரத்தில் உலோகக் கோளங்களும் கிடைத்தன. சிந்தேவாஹி என்பது கோண்டியாவிலிருந்து பல்லார்ஷா வரும் லைனில் உள்ள ஸ்டேஷன். ஜி.டி. எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் பல்லார்ஷாவில் டீ குடித்திருப்பார்கள். 2021-ல் விட்ட சீன ராக்கெட் ஒன்றின் மேல் அடுக்கு அன்று இந்தப் பாதையில் இறங்கியது லெட்ஜரில் இருந்தது. பாதையும் நேரமும் பொருந்தியதால்தான் அது எதனுடையது என்று நிபுணர்களால் ஊகிக்க முடிந்தது. லெட்ஜர் இல்லாவிட்டால் அது வெறும் வானத்து இரும்பு.

இதுபோல் விழுந்தால் யார் பொறுப்பு என்பதற்குச் சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. 1972-ல் ஏற்பட்டது. விட்ட நாடே தரையில் ஏற்படும் நஷ்டத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும், தவறு இருந்ததா இல்லையா என்ற கேள்வி கிடையாது. இந்தியா இதில் சேர்ந்தது 1979-ல், ஸ்கைலாப் விழுந்த அதே வருஷம். காஸ்மாஸ் 954 விழுந்த கனடா 60 லட்சம் டாலர் கேட்டது. ரஷ்யா 1981-ல் 30 லட்சம் கொடுத்தது. பாதிக்குப் பாதி. கிளெயிம் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த விகிதம் ஆச்சரியமாக இருக்காது.

சின்னத் துண்டு கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துப் போகும் ஆசை பலருக்கு வரும். உருண்டையாகக் கிடைப்பவை பெரும்பாலும் ராக்கெட்டின் வாயு அல்லது எரிபொருள் கலங்கள். செயற்கைக்கோள்களில் பயன்படும் ஹைட்ரஸின் என்ற திரவம் கடும் விஷம், தோலில் பட்டாலே ஆபத்து. பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பதே நல்லது. லாட்போரி மக்கள் அதைத்தான் செய்தார்கள். வளையத்தைப் போலீசார் சிந்தேவாஹி ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார்கள், பிறகு இஸ்ரோ விஞ்ஞானிகள் வந்து பார்த்தார்கள்.